மூலையில் நிற்கும் பிள்ளை: நியூயார்க், நியூ ஹேவன், வூஸ்டர்

முதல் நாள், வியாழன். நியூயார்க்

பழைய உருவப்படங்களைப் பார்க்க மூன்று அமெரிக்க ஊர்களுக்குப் போகும் இந்தப் பயணத்தைத் திட்டமிட்டால் முதலில் கிழமையைப் பாருங்கள். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் புதன் விடுமுறை. நியூ ஹேவனில் யேல் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடங்களுக்குத் திங்கள். வூஸ்டரில் திங்களும் செவ்வாயும். வியாழனில் தொடங்கினால் மூன்றும் அடுத்தடுத்து அமையும். மெட்ரோபாலிட்டனில் வெளிமாநிலத்து, வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 30 டாலர். நாளைக்குப் போகும் யேல் இலவசம் என்பதால் கணக்கு சமன்.

பார்க்க வந்தது பழைய உருவப்படங்களை. படத்தை மட்டும் அல்ல, அதன்மேல் விழும் விளக்கு, பக்கத்து லேபிள், சட்டத்தின் நிழல், தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்பது வரை. பிரபுவுக்காக வரைந்த படத்தை இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், அந்தப் பிரபுவிடம் விலைக்கு விற்கப்பட்டவர்களின் வம்சாவளியினரும் வந்து பார்க்கிறார்கள். அவர்களுக்கு அதை எப்படி வைப்பது என்பதுதான் கேள்வி.

நேராக அமெரிக்கப் பிரிவு. 1837இல் நியூ ஆர்லியன்ஸில் வரைந்த ஒரு படம். வரைந்தவர் பிரான்சிலிருந்து வந்த ஜாக் அமான்ஸ் என்று கருதுகிறார்கள். முன்னால் ஃப்ரே குடும்பத்து மூன்று வெள்ளைக் குழந்தைகள். பின்னால் மரத்தில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு கறுப்பினப் பதின்வயதுப் பையன். பெயர் பெலிசேர். அந்த வீட்டில் அடிமையாக வைத்திருந்த பையன்.

நீண்ட காலம் இந்தப் படத்தில் பெலிசேர் இல்லை. 1900 வாக்கில் யாரோ அவர்மேல் வானத்தையும் செடிகொடியையும் பூசி மறைத்துவிட்டார்கள். 1972இல் நியூ ஆர்லியன்ஸ் கலை அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாக வந்து, முப்பது ஆண்டுக்கு மேல் கிடங்கில் கிடந்து, 2005இல் ஏலத்தில் போனது. அப்போதே உற்றுப் பார்த்தால் மரத்தடியில் ஆவிபோல ஓர் உருவம் தெரிந்திருக்கிறது. மெட்ரோபாலிட்டன் இதை வாங்கியது 2023இல்.

அந்த ஆவி எப்படித் தெரிந்தது? எண்ணெய்ச் சாயம் வயதாக ஆக ஒளியை அதிகம் உள்ளே விடும். மெல்லிசாகப் பூசிய மேல்பூச்சு ஐம்பது, நூறு வருஷத்தில் கண்ணாடித்தாள் மாதிரி ஆகிவிடும். கீழே கறுப்பாக இருப்பது முதலில் எட்டிப் பார்க்கும். மறைத்தவர் தடிமனாகப் பூசியிருந்தால் இன்னும் சில தலைமுறை தாங்கியிருக்கும்.

மேல்பூச்சை எடுக்கும் வேலையின் வரிசை, சுருக்கமாக. முதலில் இருட்டறையில் புறஊதா விளக்கு. பழைய பிசின் வார்னிஷ் பச்சையாக ஒளிரும், பிற்காலத்தில் ஒட்டுப் போட்ட இடம் அதன்மேல் கறுப்புத் திட்டாக நிற்கும். அடுத்து அகச்சிவப்புப் படம், அடியில் கரியால் போட்ட கோடுகளுக்காக. பிறகு எக்ஸ்ரே. ஈய வெள்ளை கலந்த இடமெல்லாம் அதில் வெளுத்துத் தெரியும். இந்த மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் கை வைப்பார்கள். சட்டம் மறைக்கும் ஓரமாக, சில மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சோதனைச் சன்னல். பஞ்சுக் குச்சியில் கரைப்பான் தொட்டு உருட்ட வேண்டும், தேய்க்கக் கூடாது. பிற்காலப் பூச்சு இளசு, அதனால் பெரும்பாலும் மூலத்துக்கு முந்திக் கரையும். கரையாத இடத்தில் நுண்ணோக்கிக்கு அடியில் கத்தி. பஞ்சில் மூலப் படத்தின் நிறம் ஏறினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

தவறு நடப்பது எங்கே என்று கேட்டால், கறுத்த தோல் வரைந்த இடத்தில்தான். வெள்ளைத் தோலில் ஈய வெள்ளை கெட்டியாக இருக்கும், கரைப்பானைத் தாங்கும். கறுத்த தோலைப் பழுப்பு அடித்தளத்தின்மேல் மெல்லிய, எண்ணெய் அதிகமான பூச்சுகளால் ஏற்றியிருப்பார்கள். பழைய காலத்தில் ‘சுத்தம்’ செய்தவர்கள் படம் முழுக்க ஒரே கரைப்பானை ஓட்டியபோது நடுவில் இருப்பவரின் கன்னம் பளிச்சென்று வந்தது, ஓரத்து வேலையாளின் முகம் தேய்ந்து பழுப்புத் திட்டானது. பல படங்களில் ஓரத்து ஆளுக்கு முகபாவமே இல்லை என்றால் ஓவியரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். பஞ்சுக் குச்சிக்கும் அதில் பங்கு உண்டு.

உருவம் வெளியே வந்தாலும் பெயர் வராது. அதற்குக் காகிதம் வேண்டும். லூயிசியானா பிரெஞ்சு, ஸ்பானிய சட்ட மரபில் வந்த ஊர். சொத்து கை மாறினால் நோட்டரி முன்னால் பத்திரம் எழுதிப் பெயர், வயது, விலை எல்லாம் பதிவார்கள். மனிதர்களை விற்றாலும் அப்படித்தான். 1828இல் சாலி என்ற தாயையும் ஆறு வயதுப் பெலிசேரையும் ஃப்ரே வாங்கிய பதிவு அப்படிக் கிடைத்தது. 1837இல் பதினைந்து வயது, படத்தில் இருக்கும் பையனோடு பொருந்துகிறது. 1856இல் எவர்கிரீன் கரும்புத் தோட்டத்துக்கு விற்றிருக்கிறார்கள், அதற்குப் பிறகு 1861 வரை ஏடுகளில் தடம் இருக்கிறது. நால்வரில் பெரியவனாக வளர்ந்தது பெலிசேர் ஒருவர்தான். இன்றைக்குப் படத்தின் தலைப்பே ‘பெலிசேரும் ஃப்ரே குழந்தைகளும்’. வரிசையைக் கவனியுங்கள்.

விற்றவன் எழுதிவைத்த கணக்குதான் அந்தப் பையனுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. நம் ஊரில் சோழர் கால ஆள்விலைப் பத்திரங்களைப் படித்தவர்களுக்கு இந்தக் கசப்பு புதிதல்ல.


இரண்டாம் நாள், வெள்ளி. நியூ ஹேவன்

கிராண்ட் சென்ட்ரலிலிருந்து மெட்ரோ நார்த் ரயில், இரண்டு மணி நேரம். காலை நெரிசல் நேரம் தவிர்த்த ரயிலுக்குக் கட்டணம் குறைவு. யூனியன் ஸ்டேஷனில் இறங்கினால் கொஞ்சம் நடை. சில ரயில்கள் அடுத்த நிறுத்தமான ஸ்டேட் ஸ்ட்ரீட் வரை போகும், அங்கே இறங்குவது மேல். சேப்பல் தெருவில் இந்தப் பக்கம் பிரிட்டிஷ் கலைக்கான யேல் மையம், எதிர்ப்பக்கம் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடம். இரண்டிலும் லூயி கான் கட்டிய கட்டடம் உண்டு. கலைக்கூடத்தில் இருப்பது 1953, மையம் 1977, அவர் இறந்த பிறகு திறந்தது. மையத்தின் மேல்தளத்துக்குக் கூரைக் குமிழ்கள் வழியாகப் பகல் வெளிச்சம். அந்தக் குமிழ்களையும் விளக்குகளையும் மாற்றுவதற்காக 2023இல் மூடி 2025இல்தான் திறந்தார்கள்.

இன்றைக்குப் பேச வேண்டிய படம் மையத்தில் உள்ள எலிஹு யேலுடையது. சென்னைக்காரர்களுக்கு அறிமுகம் தேவைப்படாத ஆள். போஸ்டனில் பிறந்து, 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராகச் சென்னை வந்து, 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் 1680இல் பதிவான முதல் திருமணம் அவருடையது. சின்ன வயதில் இறந்த அவர் மகனின் கல்லறைச் சின்னம் உயர்நீதிமன்ற வட்டாரத்தில் சட்டக் கல்லூரிப் பக்கம் நிற்கிறது. சென்னையில் சேர்த்த பணத்தோடு லண்டன் போனவர், 1718இல் இந்த ஊர்க் கல்லூரிக்கு 417 புத்தகங்களும், மன்னர் முதலாம் ஜார்ஜின் படமும், ஒன்பது பொதி சரக்கும் அனுப்பினார். சரக்கு விற்று வந்தது சுமார் 562 பவுண்டு. அதற்குத்தான் கல்லூரிக்கு அவர் பெயர்.

படம் சுமார் 1719, ஜான் வெரெல்ஸ்ட் வரைந்திருக்கலாம் என்கிறார்கள். இரண்டு மீட்டர் உயரம், அதைவிடக் கொஞ்சம் கூடுதல் அகலம். பெரிய விக் அணிந்த ஆண்கள் மேசையைச் சுற்றி இருக்கிறார்கள், மேசையில் புகையிலையும் மதுவும். பின்னால் தோட்டத்தில் பேரப்பிள்ளைகள் ஆடுகிறார்கள். வலது பக்கம் சிவப்பும் சாம்பலுமாக நல்ல உடுப்போடு ஒரு கறுப்பினப் பிள்ளை, பத்து வயது இருக்கும். கழுத்தில் வெள்ளி வளையம், அதில் பூட்டு. சிலர் அதை நகை என்றே நினைத்துக் கடந்துவிடுவார்கள். லண்டனில் இது கடைச்சரக்கு. 1756இல் மேத்யூ டையர் என்ற பொற்கொல்லர் ‘கறுப்பர்களுக்கோ நாய்களுக்கோ’ வெள்ளிப் பூட்டு செய்து தருவதாக விளம்பரமே கொடுத்திருக்கிறார்.

2020 அக்டோபரில் இந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். அந்த இடத்தில் அமெரிக்கக் கறுப்பின ஓவியர் டைட்டஸ் கஃபார் 2016இல் செய்த ‘எனஃப் அபௌட் யூ’ (‘உன்னைப் பற்றிப் பேசியது போதும்’) சில மாதங்கள் தொங்கியது. அதே படத்தின் நகலைக் கசக்கி, ஆண்களின் முகமெல்லாம் மடிப்புக்குள் போகும்படி சுருட்டி, பிள்ளையின் முகத்தை மட்டும் தட்டையாக விட்டு அதைச் சுற்றித் தங்கச் சட்டம் போட்டிருப்பார். கழுத்தில் வளையம் கிடையாது. கண் நேராக நம்மைப் பார்க்கும். இதற்கிடையே மையத்தின் ஊழியர்கள் மூலப் படத்தை ஆராய்ந்தார்கள். தேதி மாறியது, உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்ற முடிவு மாறியது, தலைப்பும் மாறியது. முன்பு ஆண்களின் பெயர்களும் பட்டங்களும் வரிசையாக வந்து கடைசியில் ‘ஓர் அடிமைப் பணியாளர்’ என்று முடியும். இப்போது ‘எலிஹு யேல், அவர் குடும்பத்தினர், அடிமைப்படுத்தப்பட்ட ஒரு பிள்ளை’ என்கிற பொருளில் இருக்கிறது. பிறகு படம் புதிய விளக்கத்தோடு மறுபடி சுவருக்கு வந்தது.

பிள்ளையின் பெயர் கிடைக்கவில்லை. நேற்றைய பெலிசேருக்கும் இந்தப் பிள்ளைக்கும் நடுவே உள்ள வித்தியாசம் தேடியவர்களின் உழைப்பில் இல்லை, ஏட்டில் இருக்கிறது. லண்டன் வீடுகளில் இப்படி வைத்திருந்த பிள்ளைகளுக்கு நோட்டரிப் பத்திரம் கிடையாது. ஞானஸ்நானப் பதிவு, அடக்கப் பதிவு, உயில், ஓடிப்போனால் பத்திரிகை விளம்பரம், இந்த நான்கில் எதிலாவது சிக்கினால் உண்டு. சிக்கினாலும் அது எஜமானர் வைத்த பாம்ப்பி, ஸிபியோ மாதிரி ரோமானியப் பெயராக இருக்கும்.

தலைப்பு மாற்றுவதில் ஒரு நடைமுறை விதி: பழைய தலைப்பை அழிக்கக் கூடாது. தரவுத்தளத்தில் ‘முந்தைய தலைப்பு’ என்ற புலத்தில் தேதியோடு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐம்பது வருஷத்துக் கட்டுரைகளில் வரும் படம் எது என்று யாருக்கும் தெரியாமல் போகும், மாற்றினோம் என்பதற்கான தடயமும் போய்விடும். லூவரில் உள்ள, பிரெஞ்சுப் பெண் ஓவியர் பெனுவாவின் 1800ஆம் ஆண்டுப் படத்துக்கு ‘ஒரு நீக்ரோப் பெண்ணின் படம்’ என்ற பொருளில் பெயர் இருந்தது. 2019 பாரிஸ் கண்காட்சியில் ‘மடலெனின் உருவப்படம்’ ஆனது. பழைய பெயரையும் லேபிளிலேயே காட்டினார்கள். அதுதான் சரியான முறை.

இனி விளக்கு. படக்கூட விளக்கை வழக்கமாகச் செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகை சாய்த்து, நடுவில் இருப்பவரின் முகத்துக்குக் குறிவைப்பார்கள். இந்தக் கோணத்தில் 5 செ.மீ. துருத்திய சட்டம் தனக்குக் கீழே 8, 9 செ.மீ. நிழல் போடும். வேலையாள் எப்போதும் ஓரத்தில்தானே நிற்பார்? வார்னிஷ் பழுப்பு ஏறிய ஓரம், அதன்மேல் சட்ட நிழல், அதற்குள் கறுத்த முகம். விளக்கைப் பின்னுக்குத் தள்ளி 45 பாகை ஆக்கினால் நிழல் 5 செ.மீ. ஆகும், ஆனால் வார்னிஷின் பளபளப்பு பார்ப்பவர் கண்ணில் அடிக்கும். வழி, இரண்டாவது விளக்கு. உருவம் வலது ஓரத்தில் என்றால் விளக்கு இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். வலப்பக்கத்திலிருந்து வந்தால் வலதுச் சட்டத்தின் நிழல் அவர்மேலேயே விழும். எண்ணெய்ப் படத்துக்கு 200 லக்ஸ் (படத்தின்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) உச்சவரம்பு, இரண்டு விளக்கும் சேர்ந்துதான் அந்தக் கணக்கு. கைப்பேசியில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கேமரா தானாக வெளிச்சம் சரிசெய்யும்போது ஓரத்து முகம் கரிக்கட்டையாக வந்தால், முதலில் ஏணியை எடுக்க வேண்டும், பேனாவை அப்புறம் எடுக்கலாம்.

பேனாவுக்கு வருவோம். இந்தப் படத்துக்குத் தமிழில் லேபிள் எழுதினால் எப்படி இருக்கும் என்று ரயிலில் எழுதிப் பார்த்தது இது:

‘வலப்பக்கம், மது பரிமாற நிற்கும் பிள்ளைக்குப் பத்து வயது இருக்கலாம். கழுத்தில் இருப்பது நகையல்ல, பூட்டிய வெள்ளி வளையம். பெயர் எந்த ஏட்டிலும் இதுவரை கிடைக்கவில்லை. நடுவில் எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநர். ஐரோப்பா செல்லும் கப்பல் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து அடிமைகளைச் செயின்ட் ஹெலினா தீவுக்கு ஏற்றிச் செல்ல வேண்டும் என்று அவர் தலைமையிலான ஆட்சிக்குழு ஆணையிட்டது. பின்னால் ஆடும் குழந்தைகள் அவருடைய பேரப்பிள்ளைகள்.’

ஐம்பது சொல்லுக்குச் சற்று மேல். இதற்கு மேல் போனால் நின்று படிப்பவர் குறைவு. முதல் வாக்கியம் கண்ணை ஓரத்துக்கு அழைக்க வேண்டும். யேலில் தொடங்கினால் பார்வை நடுவிலேயே தங்கிவிடும். செயப்பாட்டு வினை ஆபத்து: ‘அடிமைகள் அனுப்பப்பட்டனர்’ என்றால் அனுப்பியவர் தப்பித்துவிடுவார். ‘அடிமை வணிகத்தோடு தொடர்பு இருந்தது’ என்பது இன்னும் மோசம், யாருக்கும் எதுவும் சொல்லாத வாக்கியம். பிள்ளை சோகமாகப் பார்க்கிறது என்றும் எழுதக் கூடாது. அது நமக்குத் தெரியாது.

‘அடிமை’யா, ‘அடிமைப்படுத்தப்பட்டவர்’ஆ? ஆங்கிலத்தில் இரண்டாவதுக்கு மாறியது, அந்த நிலை பிறவிக் குணமல்ல, ஒருவர் இன்னொருவருக்குச் செய்தது என்று காட்டுவதற்காக. தமிழில் அது ஒன்பது எழுத்தைத் தாண்டும் நீளச்சொல், லேபிளில் இரண்டு வரிக்கு உடையும். போதாததற்கு ‘அடிமை’ நம்மிடம் பக்திச் சொல்லும்கூட. சுந்தரரை மணப்பந்தலில் தடுத்து ஆளோலை காட்டி வழக்காடியவர் சிவபெருமான் அல்லவா? ஆக, மேலே எழுதிப் பார்த்த லேபிளிலும் முதல்முறை முழுசாக ‘யேல் வீட்டார் அடிமையாக வைத்திருந்த பிள்ளை’ என்று எழுதிவிட்டு, பிறகு ‘பிள்ளை’ என்றே போவது நல்லது. வைத்திருந்தவர் யார் என்பதும் வந்துவிடும், சொல்லும் உடையாது. கப்பல் ஆணையில் மட்டும் ‘அடிமைகள்’ என்று விட்டது வேண்டுமென்றே. அது ஆணையிட்டவர்களின் சொல்.


மூன்றாம் நாள், சனி. வூஸ்டர்

எழுத்தைப் பார்த்தால் வொர்செஸ்டர், வாயில் வூஸ்டர். நியூ ஹேவனிலிருந்து நேரடி ரயில் கிடையாது. கார்தான் வசதி: 91ஆம் எண் நெடுஞ்சாலையில் ஹார்ட்ஃபோர்டு, அங்கிருந்து 84, பிறகு மாசசூசெட்ஸ் சுங்கச்சாலை. சுமார் 160 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அருங்காட்சியகம் சாலிஸ்பரி தெருவில்.

முந்தைய இரண்டு நாளும் படத்துக்குள் ஆள் இருந்தார். இங்கே அதுவும் இல்லை. காலனிய அமெரிக்காவின் வணிகர்கள், அவர்கள் மனைவிமார்கள், பட்டு, வெல்வெட், கையில் கடிதம். ஜான் வொல்லஸ்டன் வரைந்த பிலடெல்ஃபியா வணிகர் சார்லஸ் வில்லிங் நல்ல உதாரணம். இரண்டு முறை மேயராக இருந்தவர். படத்தில் அவர் மட்டும்தான். அவர் வீட்டில் அடிமையாக வைத்திருந்தவர்களோ, அவர் வணிகம் செய்த மனிதர்களோ ஓரத்தில்கூட நிற்கவில்லை. 2018இல் வூஸ்டர்காரர்கள் இந்தக் கூடத்தில், இந்தச் செல்வம் அடிமை முறையால் எப்படி வந்தது என்று சொல்லும் கூடுதல் லேபிள்களை வைத்தார்கள். தூரிகையும் தோற்றமும் பற்றிய வழக்கமான லேபிள் அப்படியே இருக்க, பக்கத்தில் இது.

படத்தில் இல்லாதவர்களைப் பற்றி எழுதுவது கடினம், அதைத் துணிந்து செய்தது பெரிய விஷயம். ஆனாலும் இரண்டாம் லேபிள் என்ற உத்தியில் ஒரு சிக்கல் உண்டு. முதல் லேபிள் ‘செழிப்பான வணிகர்’ என்று சொல்லி முடிக்கும், இரண்டாவது அந்தச் செழிப்பின் கணக்கைச் சொல்லும். அவசரத்தில் வருகிறவர் முதலாவதோடு நகர்ந்துவிடுவார். தொடக்கத்துக்கு இது சரி. சில வருஷத்தில் இரண்டையும் ஒரே பத்தியாகப் பின்னிவிட வேண்டும்: வெல்வெட்டு பற்றிச் சொல்லும் வாக்கியத்திலேயே அதை வாங்கிய பணமும் வர வேண்டும்.

லேபிள் வைக்கும் உயரம்: நடுக்கோடு தரையிலிருந்து 137 செ.மீ., மொத்தமும் 122க்கும் 170க்கும் இடையில். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் நிற்பவருக்கும் எட்டும் சமரசம் இது. இரண்டாம் லேபிளை இடமில்லை என்று முதலாவதுக்குக் கீழே ஒட்டினால் அது முழங்கால் பக்கம் போய்விடும், குனிந்து படிக்க யாரும் மாட்டார்கள். தமிழ் எழுத்தில் மேலும் கீழும் கொக்கிகள் இருப்பதால் வரி இடைவெளி ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக விட வேண்டும், அப்போது பலகை கால்வாசியாவது வளரும். அதை வடிவமைப்பு வரையும்போதே சொல்லிவிட வேண்டும். கடைசியில் சொன்னால் எழுத்தைச் சுருக்கிவிடுவார்கள்.

பார்வையற்றவர்களுக்கான ஒலி விவரணையில் பலரும் தடுக்கி விழும் ஓர் இடம்: ‘மூன்று ஆண்கள் அமர்ந்திருக்க, ஒரு கறுப்பினப் பிள்ளை நிற்கிறது.’ கேட்பவருக்கு, நிறம் சொல்லாதவர்கள் எல்லாரும் வெள்ளையர், அதுவே இயல்பு என்று ஆகிறது. சொன்னால் எல்லாருக்கும் தோல் நிறம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் யாருக்கும் வேண்டாம். இந்த மாதிரிப் படங்களில் சொல்லாமல் விட முடியாது. வரிசை: படத்தின் அளவு, எத்தனை பேர், யார் எங்கே, யார் யாரைப் பார்க்கிறார்கள், பிறகு உடை, கையில் உள்ள பொருள். வளையத்தைக் கடைசியில் ரகசியம்போலத் திறந்து காட்டக் கூடாது. கண் உள்ளவருக்கு அது முதல் பார்வையிலேயே தெரிகிறதே.

நான்கு மணிக்கு மூடுகிறார்கள். கிளம்புமுன், போஸ்டனில் வாழ்ந்த ஃப்ரீக் தம்பதியின் படங்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம். வரைந்தவர் பெயர் தெரியாது. எலிசபெத் ஃப்ரீக், மடியில் மஞ்சள் சட்டையில் கைக்குழந்தை மேரி. படத்தை முதலில் வரைந்தது 1671இல், அப்போது குழந்தை கிடையாது, எலிசபெத்தின் கைகள் மடியில் இருந்தன. 1674இல் மேரி பிறந்ததும் ஓவியரைத் திரும்ப வரவழைத்து, கைகளை மாற்றி, குழந்தையை நுழைத்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் பழைய கைகள் இன்னும் தெரிகின்றன. மேரியின் வயது ஆறு மாதம் என்று படத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.